எண்ணெய்க்கு வழி கண்ட வரலாறு

மாட்டு வண்டியின் அடியில் ஒரு மூங்கில் குழாய் தொங்கிக்கொண்டிருக்கும். நம் சங்கத்துப் பெரியோர்களுள் கிராமத்தில் வளர்ந்தவர்கள் அதனை நன்கு அறிவர். வைக்கோலைச் சுட்ட கரியை விளக்கெண்ணெயில் குழைத்த வண்டி மை அதனுள் இருக்கும். நெடுவழி புறப்படுமுன் வண்டிக்காரர் கடையாணியைக் கழற்றி, சக்கரத்தைச் சற்றே வெளியே இழுத்து, அச்சின் மீது மையைத் தடவி மீண்டும் பூட்டுவார். குழாய் நிறைய மை இருந்தும் தடவ மறந்தாரானால், பத்துக் கல் செல்வதற்குள் அச்சு கிறீச்சிட்டு வழியிலுள்ள ஊர்களையெல்லாம் எழுப்பிவிடும்.

எண்ணெய் இருப்பது வேறு. அஃது உரிய இடத்தில் சேர்வது வேறு. வண்டிக்காரர் கையாலேயே தடவியதால் அவருக்கு இவ்வேறுபாடு ஒரு சிக்கலாகத் தோன்றவில்லை. ஆனால் இயந்திரங்கள் தோன்றி, மனிதனுடைய கை புக முடியாத இடங்களில் இரும்பும் இரும்பும் உராயத் தொடங்கியபின், எண்ணெயை எந்த வழியே, எந்தத் துளையின் மூலம், எந்தப் பக்கத்திலிருந்து செலுத்துவது என்பது பெரும் வினாவாயிற்று. அதற்கு விடை கிடைத்தது ரயில்வண்டியின் அச்சை ஆராயப் புகுந்த ஒருவருடைய மேசையின் மீதேயாம். ரயில்வேயின் உப்பைத் தின்று வாழும் நம் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய வரலாறு இது.

நாம் பொறியியல் கற்றவர் அல்லர். மெட்ரிகுலேஷன் வரை படித்து எழுத்தராகப் பணியிற் சேர்ந்து, கோப்புகளிடையே காலம் கழிப்பவர். நம்மை இத்துறையில் படிக்கத் தூண்டியது நம் கையால் எழுதப்பட்ட ஒரு கடிதம். அதனைப் பின்னர் கூறுவோம்.

சூடேறிய அச்சு

பழைய வண்டிகளில் பெட்டியின் பாரம் முழுவதும் அச்சின் முனைகளில் இறங்கும். அம்முனையின் மேல் வெண்கலத்தால் ஆன ஒரு தாங்கி, கவிழ்த்த ஓட்டைப்போல் அமர்ந்திருக்கும். அச்சு சுழலும், தாங்கி சுழலாது. இவ்விரண்டிற்கும் இடையில் எண்ணெய் நில்லாவிடில் அச்சு காயும், புகையும், முறிந்தும் போகும். ‘ஹாட் ஆக்ஸில்’ என்னும் சொல்லைக் கேட்டாலே வீட்டிலுள்ள ரயில்வே ஊழியரின் முகம் மாறுவதை நம் பெண்டிரும் குழந்தைகளும் கண்டிருப்பர். நிலையத்தில் வண்டி நின்றதும் கேரேஜ் பகுதி ஊழியர்கள் அச்சுப் பெட்டிகளைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டே நடந்து சென்ற காலமும் இருந்தது.

எண்ணெயை உரிய இடத்திற் சேர்க்கப் பலரும் பல வழிகளில் முயன்றனர். அமெரிக்காவில் எலைஜா மக்காய் என்பவர் 1872-ஆம் ஆண்டில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே நீராவி உருளைக்குள் எண்ணெயைத் தானே சொட்டச் செய்யும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அடிமைத்தளையிலிருந்து தப்பிக் கனடாவிற்குச் சென்ற பெற்றோருக்குப் பிறந்தவர் அவர். ஸ்காட்லாந்தில் பொறியியல் பயின்றவர். எனினும் நிறத்தின் காரணமாக எஞ்சினில் கரி அள்ளிப் போடும் வேலையே அவருக்குக் கிடைத்தது. எண்ணெய் இடுவதற்காக அடிக்கடி எஞ்சினை நிறுத்தும் தொல்லையை அக்கருவி குறைத்தது.

ஆயினும் அந்நாளில் எவருக்கும் தெளிவாகாத ஒன்று இருந்தது. தாங்கிக்கும் அச்சுக்கும் இடையில் எண்ணெய் என்னதான் செய்கிறது? இரு உலோகங்களும் தொட்டுக்கொண்டே இருக்கின்றன, எண்ணெய் அவற்றின் சொரசொரப்பை வழவழப்பாக்குகிறது என்பதே பொதுவான எண்ணமாக இருந்தது. ஆகவே பாரம் எங்கே மிகுதியோ அங்கேதான் எண்ணெய் வேண்டும் எனக் கருதி, தாங்கியின் உச்சியில் துளையிட்டு, கம்பளித் திரியின் வழியே மேலிருந்து சொட்டச் செய்தனர். பார்வைக்கு இது முற்றிலும் நியாயமாகவே தோன்றும்.

தக்கை வெளியே வந்தது

இங்கிலாந்தின் இயந்திரப் பொறியாளர் கழகம் உராய்வைப் பற்றி ஆராயும் பொறுப்பைப் போஷம் டவர் என்பவரிடம் ஒப்படைத்தது. அவருடைய முதல் அறிக்கை 1883-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. 4 அங்குல விட்டமுள்ள எஃகுத் தண்டு. அதன் மேல் 6 அங்குல நீளமுள்ள தாங்கி. தாங்கியின் மேல் பாரம். தண்டின் அடிப்பகுதி எண்ணெயில் தோய்ந்து சுழல, உராய்வு எவ்வளவு என்று அவர் அளந்துவந்தார்.

வழக்கமான முறையில் எண்ணெய் சொட்டச் செய்து பார்க்கலாம் எனக் கருதி, தாங்கியின் உச்சியில் அரை அங்குலத் துளை ஒன்று போட்டார் டவர். மீண்டும் இயந்திரத்தை ஓட்டியபோது எவரும் எதிர்பாராத காட்சி ஒன்று தோன்றிற்று. மேலிருந்து கீழே இறங்கவேண்டிய எண்ணெய், கீழிருந்து மேலேறித் துளையின் வாய் வழியே வழிந்தது. இடம் அழுக்காகிறதே என்று ஒரு தக்கையை வைத்து அடைத்தனர். தக்கை வெளியே தள்ளப்பட்டது. மர முளையை வைத்து அடித்தனர். அதுவும் மெல்ல மெல்ல வெளியே வந்துவிட்டது.

இவ்விடத்திற்றான் டவரின் பெருமை விளங்குகிறது. வேறொருவராயின் பெரிய முளையாகப் பார்த்து அடித்திருப்பார். அவரோ முளையை எடுத்துவிட்டு அத்துளையில் ஓர் அழுத்தமானியைப் பொருத்தினார். தாங்கியின் மேல் இருந்த பாரம் சராசரியாகச் சதுர அங்குலத்திற்கு 100 பவுண்டு. அழுத்தமானியோ 200 பவுண்டையும் தாண்டிற்று.

இதன் பொருள் என்ன? உலோகம் உலோகத்தைத் தொடவே இல்லை. சுழலும் தண்டு தன்னோடு எண்ணெயை இழுத்துக்கொண்டு சென்று ஒரு மெல்லிய படலத்தை உண்டாக்குகிறது. அப்படலமே பாரம் முழுவதையும் தூக்கி நிறுத்துகிறது. இதனை ஐயமற நிறுவ எண்ணிய டவர், தாங்கியின் பல இடங்களில் அழுத்தத்தை அளந்து கூட்டிப் பார்த்து, 1885-ஆம் ஆண்டின் இரண்டாம் அறிக்கையில் வெளியிட்டார். தாங்கியின் மேல் ஏற்றிய பாரம் 8,008 பவுண்டு. எண்ணெய்ப் படலம் மேல்நோக்கித் தள்ளிய விசை 7,988 பவுண்டு. வேறுபாடு 20 பவுண்டே. கணக்கெழுதிப் பழகிய நமக்கு இவ்விரு எண்களையும் அடுத்தடுத்துக் காணும்போது ஏற்படும் மகிழ்ச்சிக்கு அளவில்லை. வரவும் செலவும் இவ்வளவு நெருங்கி நிற்கும் கணக்கைக் காண்பது அரிது.

இந்தப் படலம் எவ்வாறு உண்டாகிறது என்பதற்குரிய கணிதத்தை 1886-ஆம் ஆண்டில் மான்செஸ்டர் நகரப் பேராசிரியர் ஆஸ்பார்ன் ரெனால்ட்ஸ் வகுத்தளித்தார். தண்டு தாங்கியின் நடுவில் நில்லாமல் சற்று ஒதுங்கி நிற்கிறது. ஆகவே ஒரு பக்கத்தில் இடைவெளி அகன்றும் மறுபக்கத்தில் குறுகியும் இருக்கும். அகன்ற பக்கத்தில் நுழையும் எண்ணெய் குறுகிய பக்கத்தை நோக்கி இழுக்கப்படும்போது ஆப்பைப்போல் நுழைந்து தண்டை விலக்குகிறது. அந்தப் படலத்தின் கனம் மிகக் குறுகிய இடத்தில் தலைமயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இராது. அதன் மேல்தான் ரயில்வண்டிகள் ஓடின.

இவ்வுண்மை வெளிப்பட்டபின் பழைய முறையின் பிழையும் வெளிப்பட்டது. பாரம் மிகுந்த இடத்தில் துளையிட்டால் அங்கே எண்ணெய் இறங்காது. எண்ணெயின் அழுத்தமே அதனை வெளியே தள்ளும். அஃது எண்ணெய் கொடுக்கும் வழியன்று, எடுக்கும் வழி. எண்ணெய்த் தொட்டி இன்றி உச்சித் துளையின் வழியே மட்டும் எண்ணெய் கொடுத்து ஓட்டியபோது, டவரின் தாங்கி சிறிய பாரத்தையும் தாங்காமல் சூடேறிப் பிடித்துக்கொண்டது. பாரம் குறைந்த பக்கத்தில் எண்ணெயை நுழையவிட வேண்டும். பாரம் மிகுந்த பக்கத்தைத் துளையும் காடியும் இல்லாமல் வழவழப்பாக விட்டுவிட வேண்டும். தண்டே எண்ணெயை அங்கு இழுத்துச் செல்லும். இன்றளவும் எண்ணெய்த் துளை போடும் பொறியாளர் யாவரும் பின்பற்றும் நெறி இதுவே.

தண்டுக்குள் ஓர் ஆறு

அடுத்த படி 1890-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. பர்மிங்ஹாம் நகரில் பெல்லிஸ் நிறுவனத்தில் வரைபடங்கள் வரைந்துவந்த ஆல்பர்ட் சார்லஸ் பெயின் என்பவர், எண்ணெயைச் சொட்டவிடுவதற்குப் பதிலாகப் பம்பினால் அழுத்தித் தாங்கிகளுக்குச் செலுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். மேசையில் அமர்ந்து பணி செய்தவர் ஒருவர் இதனைக் கண்டார் என்பதில், மேசையில் அமர்ந்தே பணி செய்யும் நமக்கு ஒரு தனி உவகை உண்டு. அம்முறையினால் வேகமாகச் சுழலும் நீராவி எஞ்சின்கள் மின்சாரம் ஆக்குவதற்கு ஏற்றவையாயின. பின்னர் மோட்டார் வண்டிகளும் டீசல் எஞ்சின்களும் அம்முறையையே கைக்கொண்டன.

நம் நாட்டு ரயில்வேயில் நெடுங்காலம் உழைத்த டீசல் எஞ்சின் டபிள்யூ.டி.எம்.-2 என்பதாகும். அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்திடமிருந்து 1962-ஆம் ஆண்டில் முதலில் வந்தது. வாரணாசியில் நிறுவப்பட்ட டீசல் எஞ்சின் தொழிற்சாலை 1964-ஆம் ஆண்டு சனவரியிலிருந்து அதனை இங்கேயே உருவாக்கத் தொடங்கிற்று. ஆல்கோ நிறுவனம் 1969-ஆம் ஆண்டிலேயே எஞ்சின் கட்டுவதை நிறுத்திவிட்டது. அவ்வெஞ்சினின் பரம்பரையோ இந்நாட்டில் மேலும் பல பத்தாண்டுகள் தழைத்தது. பதினாறு உருளைகள், 2,600 குதிரைத் திறன். பழைய எஞ்சின்களைப் பிரித்து மீண்டும் கட்டுவதற்கும், அவற்றுக்கு வேண்டிய உறுப்புகளைச் செய்வதற்கும் பாட்டியாலாவில் 1981-ஆம் ஆண்டில் ஒரு தொழிற்சாலை ஏற்பட்டது. இன்று பெரும்பாலான தடங்களில் மின்சார எஞ்சின்களே ஓடுகின்றன. வாரணாசித் தொழிற்சாலையும் 2020-ஆம் ஆண்டில் பெயர் மாறி மின்சார எஞ்சின்களைக் கட்டுகிறது. எனினும் நம் காலனிக் குடும்பங்களில் பாதிக்கு மேல் டீசல் எஞ்சினின் புகையில் சோறு கண்டவையே.

அவ்வெஞ்சினுள் எண்ணெய் செல்லும் வழியை நம் ஊர்ப் பாசனத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அடியிலுள்ள தொட்டியே ஏரி. பம்பு எண்ணெயை இழுத்து, குளிர்வித்து, வடிகட்டி, எஞ்சினின் நீளத்திற்கு ஓடும் தலைமைக் குழாய்க்கு அனுப்புகிறது, அது பெருவாய்க்கால். அங்கிருந்து ஒவ்வொரு முதன்மைத் தாங்கிக்கும் கிளைக் குழாய் பிரிகிறது. தாங்கியிலுள்ள துளையின் வழியே கிராங்குத் தண்டின் உள்ளே நுழைகிறது. தண்டிற்குள் குடைந்த வழியே கனெக்டிங் ராடின் அடிமுனையை அடைகிறது. ராடின் உள்ளே நீளவாக்கில் குடைந்த துளையின் வழியே ஏறிப் பிஸ்டனை அடைந்து, அதன் தலையைக் குளிர்வித்து மீண்டும் தொட்டியில் விழுகிறது. பிஸ்டனே கடைமடை. இவ்வழியில் ஒரு மடை அடைபட்டாலும் அதற்குக் கீழுள்ள வயலெல்லாம் காயும்.

துளையும் துளையும் சந்திக்கும் இடம்

புதிய எஞ்சினில் இவ்வழிகள் யாவும் அளந்து அமைக்கப்பட்டிருக்கும். அதனைப் பிரித்து மீண்டும் கட்டும்போதுதான் வழி தவறுகிறது. ஏனெனில் எண்ணெய் செல்லும் வழி ஒரே உறுப்பில் அமைந்ததன்று. பிளாக்கில் ஒரு துளை, தாங்கியில் ஒரு துளை, தண்டில் ஒரு துளை, இடையிலுள்ள கேஸ்கட்டில் ஒரு துளை எனத் தனித்தனியே அமைந்தவை ஒன்றையொன்று சந்தித்தால்தான் வழி. உறுப்பு ஒவ்வொன்றும் குற்றமற்றதாக இருந்தும், சேர்க்கையில் குற்றம் நேரலாம்.

முதன்மைத் தாங்கி பெரும்பாலும் இரு பாதிகளாக இருக்கும். எரிபொருள் வெடிக்கும் விசை பிஸ்டனைக் கீழே தள்ளுவதால் பாரம் கீழ்ப்பாதியில் விழும். ஆகவே டவர் காட்டிய நெறிப்படி, துளையும் காடியும் மேற்பாதியில், கீழ்ப்பாதி வழவழப்பு. பட்டறைப் பலகையில் வைத்தால் இவ்விரு பாதிகளும் இரட்டைப் பிள்ளைகளைப்போல் தோன்றும். அவசரத்தில் மாற்றிப் பொருத்திவிட்டால், பிளாக்கின் எண்ணெய்த் துளையை வழவழப்பான பாதி மூடிவிடும். எண்ணெய் அடியோடு நின்றுபோகும். துளையுள்ள பாதியோ பாரம் தாங்கவேண்டிய இடத்திற்கு வந்து அங்கும் கேடு செய்யும். சில நிமிடங்களுக்குள் அந்தத் தாங்கியும், அதன் வழியே எண்ணெய் பெறவேண்டிய ராடின் தாங்கியும் பாழாகும்.

இதனினும் கொடியது அரைகுறையான பிழை. சிறு எஞ்சின்களில் தாங்கி முழு வளையமாக இருக்கும். பட்டறையில் அதனைப் புஷ் என்பர். அதனை அழுத்தி உள்ளே ஏற்றும்போது சிறிது திரும்பிவிடுவது இயல்பு. நாம் கணக்கிட்டுப் பார்த்தோம். புஷ்ஷின் விட்டம் 60 மில்லிமீட்டர் என்றும் இரு துளைகளும் 6 மில்லிமீட்டர் என்றும் கொள்வோம். கடிகாரத்தின் பெரிய முள் ஒரு நிமிடத்தில் நகரும் அளவு, அதாவது 6 பாகை, புஷ் திரும்பினால் துளையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்ட வழியே எஞ்சும். இரு நிமிட அளவு திரும்பினால் துளை முற்றும் மூடிவிடும். முற்றும் மூடினால் எஞ்சின் உடனே காட்டிக்கொடுத்துவிடும். மூன்றில் ஒரு பங்கு திறந்திருந்தால் காட்டிக்கொடுக்காது. சோதனை ஓட்டத்தில் ஓடும். குளிர்ந்த காலை வேளையில் ஓடும். நீண்ட நேரம் வெயிலில் பாரத்தோடு ஓடும் நாளில்தான் மாய்க்கும்.

எண்ணெய் அழுத்தமானி இதனைக் காட்டாதா என்று கேட்கலாம். காட்டாது. அது தலைமைக் குழாயில் பொருத்தப்பட்டது. ஏரியின் நீர்மட்டத்தைப் பார்த்துக் கடைமடையின் நிலையை எங்ஙனம் அறிவது? வழி அடைபட்டால் தலைமைக் குழாயில் அழுத்தம் குறையாது. சற்றே கூடினாலும் கூடும். எண்ணெய் அளவுக் கம்பியும் குறி வரை எண்ணெய் காட்டும். எல்லாச் சாட்சிகளும் எண்ணெய் உண்டு என்றே கூறும். தாங்கி ஒன்றே இல்லை என்று கூறும். அதன் குரல் கேட்கும்போது அது வெந்து போயிருக்கும்.

ஒரு கோடைக்காலம்

இனி, நாம் பின்னர் கூறுவதாகச் சொன்ன நிகழ்ச்சிக்கு வருவோம்.

2009-ஆம் ஆண்டு மே மாதம். மத்திய இந்தியாவில் நாம் அப்போதிருந்த குடியிருப்புக்கு நீர் இறைக்கும் நிலையத்தில், மின்சாரம் இல்லாத வேளைகளுக்கென ஒரு டீசல் எஞ்சின் இருந்தது. அதனை ஒரு தனியார் பட்டறையில் முழுவதும் பிரித்துப் புதுப்பித்து வாங்கிவந்திருந்தனர். 11 நாட்கள் ஓடிற்று. 12-ஆம் நாள் நண்பகலில் கடகடவென ஓசையிட்டு நின்றது. பிரித்துப் பார்த்தபோது முதன்மைத் தாங்கி கருகி, தண்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

எஞ்சினை ஓட்டியவர் அருகிலுள்ள சிற்றூரிலிருந்து வந்த ஒப்பந்தப் பணியாளர். எண்ணெய் ஊற்றாமல் ஓட்டியிருக்கிறார் என்று பட்டறையினர் கூறினர். அளவுக் கம்பியில் குறி வரை எண்ணெய் இருந்ததே என்றதற்கு, எஞ்சின் நின்றபின் அஞ்சி ஊற்றியிருப்பார் என்றனர். மூன்று நாட்கள் லாரித் தண்ணீர். குழாயடியில் சண்டை. வெயிலில் குடத்தோடு நின்ற நம் தாய்மார்களும் அந்த மனிதரை வாய்க்கு வந்தபடி ஏசினர். பழுதுக்கான செலவை அவர் கூலியிலிருந்து தவணை முறையில் பிடிக்கவும், அவரைப் பணியிலிருந்து நிறுத்தவும் அலுவலகம் முடிவு செய்தது. ‘பணியாளரின் கவனக்குறைவால்’ என்று தொடங்கும் அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தது நம் கையே.

அவர் நம் மேசையருகே வந்து நின்றார். “பாபு, எண்ணெய் ஊற்றினேன். காலையில் குறி வரை இருந்தது” என்று இந்தியில் கூறினார். மேலிருந்து வந்த உத்தரவு, நாம் என்ன செய்ய முடியும் என்று விடையளித்தோம். எழுத்தர்கள் எல்லாரும் கூறும் விடை அதுதான். அவர் அதற்கு மேல் ஒன்றும் கூறாமல் சென்றுவிட்டார்.

அந்நாளில் நம் பக்கத்து வீட்டில், மகனோடு வந்து தங்கியிருந்தார் ஓய்வுபெற்ற பிட்டர் ஒருவர். நாகப்பட்டினத்திலிருந்து 1928-ஆம் ஆண்டில் திருச்சிக்கு மாற்றப்பட்ட பொன்மலைப் பணிமனையில் தொழில் கற்றவர். காலனியில் சிறியவர்கள் அனைவரும் அவரை மாமா என்றே அழைப்பர். மாலையில் பேச்சுவாக்கில் நாம் இதனைக் கூறினோம். “எண்ணெய் இல்லாமல் ஓடினால் எல்லாத் தாங்கியும் அல்லவா போயிருக்க வேண்டும்? ஒன்று மட்டும் ஏன் போயிற்று?” என்று கேட்டார் பெரியவர். அலுவலகத்தில் ஐந்து பேர் கையொப்பமிட்ட அந்தக் கோப்பில் எவரும் கேளாத கேள்வி அது.

மறுநாள் அவரை அழைத்துச் சென்றோம். பிரித்துப் போட்டிருந்த பிளாக்கின் எண்ணெய்த் துளையில் ஒரு மெல்லிய கம்பியை விட்டார். மற்ற தாங்கியில் கம்பி நேரே உள்ளே சென்று மறுபுறம் தலைகாட்டிற்று. கருகிய தாங்கியில் பாதி வழியில் முட்டி நின்றது. டார்ச் விளக்கைப் பிடித்து நம்மைப் பார்க்கச் சொன்னார். வட்டமாகத் தெரியவேண்டிய துளை, ஒரு நெல்மணியின் வடிவில் மெலிந்து தெரிந்தது. ஏற்றும்போது புஷ் திரும்பியிருந்தது.

“ஊற்றினவன் மேல் குற்றமில்லை, தம்பி. ஊற்றின எண்ணெய்க்கு வழியில்லை” என்றார் பெரியவர். பட்டறைக்காரரையும் அவர் வையவில்லை. பழைய புஷ்ஷைத் தட்டி எடுக்குமுன் ஒரு கோடு கிழித்து அடையாளம் வைத்திருந்தால் போதும். ஏற்றியபின் ஒருமுறை கம்பி விட்டுப் பார்த்திருந்தால் போதும். அரை நிமிட வேலை என்று மட்டும் கூறினார்.

அன்றிரவே நாம் அளவுகளோடு ஒரு குறிப்பு எழுதினோம். தமிழன்பர்கள் நால்வர் உடன் வந்து அதிகாரியிடம் பேசினர். அதிகாரியும் நேரில் வந்து கம்பியை விட்டுப் பார்த்தார். கூலிப் பிடித்தம் கைவிடப்பட்டது. ஆனால் அதற்குள் அந்தப் பணியாளர் ஊருக்குச் சென்றுவிட்டார். ஆள் அனுப்பி அழைத்தும் இரண்டு மாதங்கள் கழித்தே வந்தார். வந்தபின் நம் மேசைப் பக்கம் வரவில்லை. எஞ்சினைக் கிளப்புமுன் அளவுக் கம்பியை உருவி, வழியே போகிறவர் எவராயினும் அவரிடம் காட்டிவிட்டே கிளப்புவார். பள்ளிக்குச் செல்லும் சிறுவர்களிடமும் காட்டுவார். நாம் அவ்வழியே சென்ற நாட்களில் நம்மிடமும் காட்டினார். முகத்தைப் பார்க்காமல் காட்டினார். மாற்றலாகி அவ்வூரை விட்டு வரும்வரை அதனைக் கண்டோம்.

முடிவுரை

பெரிய எஞ்சின்களைப் புதுப்பித்தபின், ஓட்டுவதற்கு முன்பே வெளியிலிருந்து பம்பு வைத்து எண்ணெயைச் செலுத்தி, ஒவ்வொரு தாங்கியிலும் எண்ணெய் கசிவதைக் கண்ணால் கண்டபின்னரே மூடுவது நல்ல பணிமனைகளின் வழக்கம். ஓடும் எஞ்சின்களில் அவ்வப்போது எண்ணெயை எடுத்து ஆய்வுக்கூடத்தில் சோதித்து, ஈயமும் செம்பும் கூடியிருந்தால் எந்தத் தாங்கியோ தேய்கிறது என்று முன்னரே அறிந்துகொள்வதும் உண்டு. டவரின் தக்கை வெளியே வந்த நாள்தொட்டு, எண்ணெய் இருக்கிறதா என்னும் கேள்வியோடு நில்லாமல், சேர்கிறதா என்னும் கேள்வியையும் கேட்கக் கற்றுக்கொண்டதே இத்துறையின் வரலாறு.

நம் பிள்ளைகளுள் பலர் பாலிடெக்னிக்கிலும் பொறியியற் கல்லூரிகளிலும் பயில்கின்றனர். சிலர் நாளை பட்டறையில் புஷ் ஏற்றுவர். சிலர் நம்மைப்போல் மேசையில் அமர்ந்து கடிதம் எழுதுவர். முன்னவர்கள் ஏற்றியபின் ஒருமுறை கம்பி விட்டுப் பார்க்கட்டும். பின்னவர்கள், ‘பணியாளரின் கவனக்குறைவால்’ என்று எழுதுமுன், அந்தக் கம்பியை எவரேனும் விட்டுப் பார்த்தனரா என்று ஒரு முறை கேட்கட்டும். நாம் அன்று கேட்கவில்லை.